கூடல்வாயில் ஒரு கைப்பிடிச் சருகு: புதுச்சேரி, தரங்கம்பாடி நாட்கள்

முதல் நாள், வியாழன் இரவு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. தாத்தா கட்டியது. முன்கட்டு மச்சு, பின்கட்டு ஓடு. அப்பா போன பிறகு பூட்டியே கிடக்கிறது. போன ஐப்பசி மழையில் பின்கட்டுக் கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. இடித்து மனையாக விற்றுவிடலாம் என்கிறாள் அக்கா. எனக்கு மனம் வரவில்லை. மனம் வராததற்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள் என்பதும் தெரிகிறது. "பொங்கலுக்குள் ஒரு முடிவு சொல்லடா" என்று தவணை வைத்துவிட்டாள். பழைய வீடுகளைப் பழுது பார்த்து வைத்திருக்கும் ஊர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு அவளிடம் பேசலாம் என்று நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் மதியம் மூன்று மணிக்குப் புதுச்சேரியில் இறக்கிவிட்டது. அறையில் பையைப் போட்டுவிட்டு நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். மழை விட்டு வெயில் அடித்த நேரம். கடலைப் பார்த்தபடி மேரி கட்டிடம் வெள்ளையாக நின்றது. வரிசைத் தூண்கள், நீண்ட தாழ்வாரம், ஒரு விரிசல்கூட இல்லாத சுவர். பிரெஞ்சுக்காரர்களின் நகராட்சி மன்றம் அது. நகராட்சிக்கு அவர்கள் மொழியில் 'மேரி' என்று பெயர். மாதா பெயர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஒரு பாட்டியையும் பார்த்தேன். நூற்றைம்பது வருடக் கட்டிடத்தை உப்புக் காற்றுக்கு நடுவில் இப்படி வைத்திருக்கிறார்களே என்று அசந்துபோய்ப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்தேன்.

பிறகு துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று இருட்டும்வரை சுற்றினேன். ஊருக்கு நடுவே தெற்கு வடக்காக ஓடும் வாய்க்கால்தான் எல்லை. கிழக்கே வெள்ளையர் ஊர், மேற்கே தமிழர் ஊர். கட்டம் போட்ட மாதிரி இருக்கும் இந்தத் தெருக்களுக்கு அடி போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்கூட இல்லை. 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். நாம் இன்று நின்று படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை.

எனக்கு அந்த வீடுகள் அழகாகத்தான் தெரிந்தன. ஆனால் ஒட்டவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் சுவர், பெரிய கேட், உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வீடு. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடுகள். பாதிக்கு மேல் இப்போது விடுதி, காபிக் கடை, துணிக்கடை. ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கும் முன்னால் ஒரு பெண் பட்டுப்புடவையில் நின்று புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளை வாய்க்காலைத் தாண்ட வேண்டும்.

இரண்டாம் நாள், வெள்ளி இரவு

நேற்று எழுதியதில் ஒரு பிழை. திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் லட்சணம் தெரியட்டும் என்று.

காலையில் டீக்கடையில் மேரி கட்டிடத்தைப் புகழ்ந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "அது விழுந்துவிட்டதே சார். இது புதிதாகக் கட்டியது" என்றார். 1870ஐ ஒட்டிக் கட்டிய மேரி, 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்திருக்கிறது. அதே இடத்தில், அதே தோற்றத்தில், உலக வங்கிக் கடனில் மறுபடி எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள். செய்தியாகப் படித்திருப்பேன், மறந்திருக்கிறேன். நான் விரிசல் தேடி அசந்துபோன சுவருக்கு என் மகளின் வயதுகூட இல்லை.

திரும்பப் போய் ஒருமுறை பார்த்தேன். நேற்றுப் பார்த்த அதே கட்டிடம். நேற்றுப் பார்த்த கண் இல்லை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்த இடம் பொக்கையாகக் கிடப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் இடிந்ததை அதே மாதிரி கட்டுவது ஒரு வேலை, இடியாமல் வைத்திருப்பது வேறு வேலை. முதல் வேலைக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. இரண்டாவது வேலையைச் செய்தவனுக்குக் கல்வெட்டு வைத்த ஊர் எதையும் நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குப் போனேன். கலவை சுப்பராய செட்டி வீதி என்பது இன்னொரு பெயர். இங்கே வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். வீடுகள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றன் தோளை ஒன்று தொட்டுக்கொண்டு, நடுச்சுவர் பொதுவாக. தெருவை ஒட்டி மரக்கால்கள் மேல் சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம். அது வீட்டுக்காரருக்கு அல்ல, நடந்து போகிறவருக்கு. அதற்கு உள்ளே திண்ணை. திண்ணைக்கு நடுவில் செதுக்கிய கதவு. கதவு திறந்திருந்தால் நடை வழியாக முற்றத்து வெளிச்சம் தெருவரை தெரியும். சில வீடுகளில் கீழே இப்படித் தமிழ் வீடு, மேலே ஏறினால் அரைவட்ட வளைவும் இரட்டைத் தூணுமாகப் பிரெஞ்சு மாடி. வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்த, வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட அந்தக் காலத்துத் துபாஷிகளைப் போல.

இந்த வீதியும் 1990களில் கலைந்துகொண்டிருந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய இரண்டு ஊர்கள் புதுச்சேரியோடு கைகோத்தன. 2002 முதல் 2004 வரை, மரபுக் கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இங்கே அடுத்தடுத்த வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தது. தனித்தனி வீடு என்று பார்க்காமல் தெருவை ஒரே பொருளாகப் பார்த்ததுதான் இதில் எனக்குப் பிடித்தது. பல் வரிசையில் ஒன்று போனால் பக்கத்தில் இருப்பதும் ஆடும் அல்லவா? நடுச்சுவர் பொதுவான தெருவில் அது உவமைகூட இல்லை, நிஜம். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் இந்தத் தெருவுக்குக் கிடைத்தது.

விருதுக்குப் பிறகும் சில திண்ணைகள் கம்பிவேலிக்குள் போயிருக்கின்றன. குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கம்பி போட்டதே நான்தான்.

இன்றைய நாளின் பெரிய விஷயம் பக்கத்துச் சந்தில் நடந்தது. ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே புளித்த பதநீர் மாதிரி ஒரு வாடை. எட்டிப் பார்த்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க மேஸ்திரி, "என்ன சார், வீடு பார்க்க வந்தீர்களா, வாடை பார்க்க வந்தீர்களா?" என்றார். வாடை என்றேன். உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். ஒரு டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் பத்து நாளாக ஊறிக்கொண்டிருந்தன. இன்னொரு தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு, மேலே நான்கு விரல் தண்ணீர் நின்றது. ஒரு மாதமாக ஊறுகிறதாம். "என் அப்பா காலத்தில் மாட்டைக் கட்டிச் செக்கில் அரைப்பார்கள். இப்போது மோட்டார் அரைக்கிறது. ஊறுவதற்குத்தான் இன்னும் மோட்டார் வரவில்லை" என்றார்.

தொட்டியில் கை விட்டு ஒரு உருண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தயிர்ப்பதம். குளிர்ச்சி. இரண்டு விரலால் நசுக்கினால் ஒரு பொடிகூட நெருடவில்லை. நெருடினால் அது இன்னும் நீறாத கல், சுவரில் பூசிய பிறகு ஊதி வெடிக்கும் என்றார். முதல் பூச்சுக்கு இதோடு மணலும் செங்கல் தூளும். மேலே போகப் போகச் சன்னம். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அதன்மேல் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். மூலையில் ஒரு அம்மாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தேய்த்த இடத்தில் அவர் வளையல் மங்கலாகத் தெரிந்தது.

கைப்பேசியில் இருந்த எங்கள் வீட்டுப் படங்களைக் காட்டினேன். முதல் படம் கூடத்துச் சுவர். இடுப்பு உயரம் வரைக்கும் கொப்புளம் கொப்புளமாக உரிந்திருக்கும்.

"யார் சிமெண்டு பூசியது?"

"நான்தான், மேஸ்திரி. அக்கா மகள் கல்யாணத்துக்கு, 2009இல்."

அவர் திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வீட்டிலேயே யாரோ முன்பு சிமெண்டு பூசி உரிந்த ஓர் இடத்தைக் காட்டினார். நாணயத்தால் சுரண்டினார். சிமெண்டுத் தோல் பலகை மாதிரி கழன்றது. பின்னால் செங்கல் மாவாகக் கொட்டியது. அந்த மாவில் வெள்ளையாகப் பொரிந்திருந்ததை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்பு. தரையிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அந்த ஈரம் வெளியே மூச்சாகப் போய்விடும். சிமெண்டு வழி விடாது. உள்ளே தங்குகிற ஈரம் காயும்போது அதிலிருக்கும் உப்பு பூத்து, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடுகிறது. உறுதியாக இருக்கட்டும் என்றுதான் சிமெண்டு பூசினேன். பூச்சு உறுதியாக இருந்தது, சுவர் போய்விட்டது.

அடுத்தது கூரைப் படம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கினார். உட்கார்ந்துபோன இடத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு நான்கு அடி தள்ளி, இரண்டு கூரைகள் சேரும் மூலையைக் காட்டினார்.

"இது கூடல்வாய்தானே? கறுப்பாக இருக்கிறதே, என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார். சருகு. பக்கத்தில் மரம் உண்டா என்றார். உண்டு, வேம்பு. சருகு அடைத்துத் தண்ணீர் ஓட வழியில்லாமல் திரும்பி ஓட்டுக்கு அடியில் இறங்கியிருக்கிறது. அங்கே சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் தலை நனைந்து நனைந்து உளுத்திருக்கிறது. உத்திரத்தின் தலை போனால் கூரை உட்காராமல் என்ன செய்யும்?

"கடைசியாக எப்போது சார் மேலே ஏறினீர்கள்?"

நான் ஏறியதே இல்லை. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் ஏறுவார். இடுப்பில் துண்டு, கையில் தென்னந்துடைப்பம். உடைந்த ஓட்டை மாற்றி, கூடல்வாயைக் கூட்டி, கீழே நிற்கும் என் தலையில் வேண்டுமென்றே ஒரு கைப்பிடிச் சருகைப் போடுவார். அது விளையாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள், சனி இரவு

விடிந்ததிலிருந்து மழை. அதிகம் எழுத இல்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையை வெளியே நின்றுதான் பார்த்தேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கம், அவர் பெயர் கொண்ட வீதியிலேயே. 1730களில் கட்டியது, 1761 இடிப்பிலும் தப்பிய மிகச் சிலவற்றில் ஒன்று. கீழே மரத்தூண், மேலே பிரெஞ்சுத் தூண். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்தவர், 1736 தொடங்கி நாட்குறிப்பு எழுதியவர். வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1748இல் இடித்ததையும் அதில்தான் எழுதி வைத்திருக்கிறார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பு, 1761 ஜனவரி 12இல் இறந்தார். தன் வீடு தப்பும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நானும் நாட்குறிப்பு எழுதுகிறேன் பேர்வழி என்று குடைக்குள் நின்று சங்கடப்பட்டேன்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பழுது பார்த்து நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில் இருந்தார். ஒழுகாத கூரைக்குக் கீழே, முற்றத்தில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்காணித்துக்கொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வீட்டில் செய்ய வேண்டிய ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தூண்களைத் தனியாக, கதவு நிலையைத் தனியாக அடுக்கி தார்ப்பாய் போட்டிருந்தார்கள். வாங்கிப் போக ஆள் வரும் என்றார் நின்றிருந்தவர். வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். "சொல்தா வீடு. பெரியவர் போய்விட்டார். பிள்ளைகள் எல்லாம் பிரான்சு. ஐந்து பங்கு" என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களுக்கு இந்த ஊரில் 'சொல்தா' என்று பெயர். ஐந்து பங்கை ஒரே முற்றத்தில் எப்படிப் பிரிப்பது? மனையாக்கினால் பிரிக்கலாம். இந்தக் கணக்கை எந்த விருதும் தீர்த்து வைக்காது. எங்கள் வீட்டுக்கு இரண்டே பங்குதான். அதற்கே பொங்கல் தவணை.

நான்கு வீடு தள்ளி இன்னொரு விசித்திரம். முகப்பு அச்சு அசல் பழையது: தாழ்வாரம், திண்ணை, செதுக்கு வேலை எல்லாம். மழைக்கு ஒதுங்கிய சாக்கில் உள்ளே பார்த்தால் மூன்று மாடிக் கான்கிரீட். முற்றம் இருந்த இடத்தில் லிஃப்ட். முகத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். இதைக் காப்பாற்றியதாகச் சேர்ப்பதா, இழந்ததாகச் சேர்ப்பதா? தெருவில் நடப்பவனுக்குத் தாழ்வாரம் மிஞ்சியிருக்கிறது, நானும் அதில்தான் நனையாமல் நின்றேன். ஆகவே வாயை மூடிக்கொள்கிறேன்.

நான்காம் நாள், ஞாயிறு, தரங்கம்பாடி

ஊருக்குத் திரும்புகிற வழியில் இறங்கிவிட்டேன். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று பஸ் ஆடி ஆடி வந்து சேரப் பதினொரு மணி. வெள்ளையடித்த கோட்டை வாசல் ஒன்று, 1792ஆம் வருடத்தது, நட்ட நடுத்தெருவில் நிற்கிறது. அதற்குள் நுழைந்ததும் சத்தம் நின்றுவிட்டது. புதுச்சேரியிலிருந்து வந்தவனுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்த ஊர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் வந்து, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் கட்டிய 1718ஆம் வருடத்துப் புதிய எருசலேம் ஆலயம் ராஜா வீதியிலேயே இருக்கிறது. அவரும் அதற்குள்ளேயே இருக்கிறார். டேன்ஸ்போர்க் கோட்டைக்கு எதிரே ஆளுநர் மாளிகையைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து வந்த உதவியும் இன்டாக்கும் சேர்ந்து, பெரிய கட்டிடங்களோடு நிற்காமல், கோல்ட்ஸ்மித் தெருவில் சின்னச் சின்ன ஓட்டு வீடுகளையும் சீர்செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

வரிசையாக ஐந்தாறு வீடுகள். ஆள் குனிந்து போகும் தாழ்வாரம், அகலமான திண்ணை, நாட்டு ஓடு. எங்கள் வீட்டின் தங்கைகள் மாதிரி இருந்தன. ஒன்றின் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்தேன். தெருவில் ஒரு சைக்கிள், இரண்டு ஆடு, அவ்வளவுதான் போயின. புதுச்சேரியில் ஜனம் அதிகமாகி வீடுகள் தவிக்கின்றன. இங்கே வீடு தயாராக இருக்கிறது, ஜனம் இல்லை.

கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று இருக்கிறது. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. மிச்சத்துக்கு முன்னால் கருங்கல் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். அலை கல்லில் மோதித் திரும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதற்கு எந்த மேஸ்திரியாலும் பூச முடியாது.

திரும்ப கோல்ட்ஸ்மித் தெரு வழியாக வந்தபோது, நான் உட்கார்ந்திருந்த வீட்டில் ஒரு அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தார். தரையைப் பெருக்கி முடித்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, துடைப்பத்தின் பின்பக்கத்தால் தாழ்வார ஓட்டின் விளிம்பில் தங்கிய வேப்பஞ்சருகைத் தள்ளினார். தினமும் செய்வீர்களா என்றேன். "மழைக்காலத்தில் தினம். இல்லாவிட்டால் சொட்டும் தம்பி" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

பஸ் நிறுத்தத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னடா, முடிவு பண்ணிவிட்டாயா?"

"அக்கா, அப்பா கூரைக்கு ஏறுவாரே, ஒரு மூங்கில் ஏணி, அது எங்கே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. சிரிக்கிறாளா, எரிச்சல்படுகிறாளா என்று தெரியவில்லை.

"அடுத்த வீட்டுச் சித்தப்பா மாட்டுக்கொட்டகையில் இருக்கும். மூன்றாவது படி உடைந்தது, பார்த்து ஏறு" என்றாள்.